மூல் கணக்கு பிழைத்தால் பிழைத்த விடையையே கேளுங்கள்

மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். மூல் (அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் அலகு), பீசமானம் (தாக்கத்தில் சேரும், விளையும் பொருட்களின் அளவுக் கணக்கு) என்ற பாடம் தொடங்கிவிட்டால் வாரக்கணக்கில் ஒரே குரல்தான் கேட்கும்: “சேர், விடை வரவில்லை.” சொல்லி முடிப்பதற்குள் பேனை கொப்பியின் குறுக்கே ஓடி, செய்த கணக்கு முழுவதையும் வெட்டிவிடும். பிறகு அதே கணக்கை அதே வழியில், அதே பிழையோடு மறுபடி செய்வார்கள்.

வெட்டாதீர்கள். உங்களுக்கு வந்த விடையைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண், பிழை எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆயிரம் வந்தால் ஓரிடம், இரண்டு வந்தால் வேறோரிடம், 1.56 வந்தால் இன்னோரிடம். பரீட்சை மண்டபத்தில் சரியான விடை கையில் இராது. அங்கே விடையின் பருமனைப் பார்த்துச் சந்தேகப்படப் பழக வேண்டும். எங்கள் உயர்தர இரசாயனவியல் வினாத்தாளுக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது என்பதால் இந்தப் பழக்கம் இரட்டிப்பாக உதவும். கீழே உள்ளவை நான் கொப்பிகளில் அடிக்கடி காணும் அறிகுறிகள். உங்களுடையது எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போங்கள்.

விடை ஆயிரம் மடங்கு பெரிதாக அல்லது சிறிதாக இருக்கிறது

இது கனவளவின் அலகில் வந்த பிழை. வேறெங்கும் தேட வேண்டாம். செறிவு லீற்றருக்கு, அதாவது கன டெசிமீற்றருக்குத் தரப்பட்டிருக்கும். கனவளவு கன சென்ரிமீற்றரில் இருக்கும். இரண்டையும் அப்படியே பெருக்கியிருப்பீர்கள். லீற்றருக்கு 0.10 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக்கமிலம் 25.00 கன சென்ரிமீற்றர் என்றால் அதில் இருப்பது 0.0025 மூல். கொப்பியில் 2.5 மூல் என்று இருக்கும்.

2.5 மூல் ஐதரசன் குளோரைட்டின் திணிவு 91 கிராம். 25 கன சென்ரிமீற்றர் என்பது ஐந்து தேக்கரண்டித் தண்ணீர். ஆய்வுகூட அலுமாரியில் புகைவிட்டுக்கொண்டிருக்கும் செறிந்த அமிலத்தில்கூட அந்த ஐந்து தேக்கரண்டிக்குள் 0.3 மூல் அளவுதான் இருக்கும். ஐதான அமிலத்தில் 2.5 மூல் எப்படி அடங்கும்? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய பிள்ளை இந்தப் பிழையை இரண்டாம் தடவை செய்வதில்லை.

வாயுச் சமன்பாட்டில் இதே பிழை பத்து இலட்சம் மடங்காகக்கூட வரும். வாயு மாறிலிக்கு 8.314 என்ற பெறுமானத்தைப் பயன்படுத்தினால் அமுக்கம் பஸ்காலிலும் கனவளவு கன மீற்றரிலும் இருக்க வேண்டும். அமுக்கத்தைக் கிலோபஸ்காலிலும் கனவளவைக் கன டெசிமீற்றரிலும் போட்டாலும் அதே 8.314 பொருந்தும், ஓர் ஆயிரம் மற்ற ஆயிரத்தை வெட்டிவிடுகிறது. கையால் கணக்குச் செய்வோருக்கு இரண்டாவது வழிதான் நல்லது. ஒன்றைக் கிலோபஸ்காலிலும் மற்றதைக் கன மீற்றரிலும் கலந்து போட்டால்தான் மறுபடி ஆயிரம் வந்து நிற்கும்.

விடை இரண்டு மடங்கு, அல்லது சரிபாதி

இதற்குக் காரணம் மூன்று. மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, சூத்திரத்தில் ஓர் அணு எத்தனை தடவை வருகிறது என்பதை எண்ணாமல் விடுவது. எங்கள் பகுதியில் பாதி வகுப்பு வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள். யூரியாவின் நைதரசன் சதவீதத்தைக் கேட்டால் 23.3 என்று எழுதிவிடுவார்கள். யூரியாவின் மூலர்த் திணிவு, அதாவது ஒரு மூலின் திணிவு, 60 கிராம். நைதரசன் அணு ஒன்று 14. 60இல் 14 என்றால் 23.3 சதவீதம்தான். ஆனால் யூரியா மூலக்கூறில் நைதரசன் அணுக்கள் இரண்டு. 60இல் 28, அதாவது 46.7 சதவீதம். வீட்டு விறாந்தையில் அடுக்கியிருக்கும் உர மூட்டையில் 46 என்று அச்சிட்டிருக்கிறதே, அதுதான் இது. ஒரு மாணவன் விடாமல் வாதாடினான்: “இல்லை சேர், 50 கிலோ மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருப்பதாக அப்பா சொல்வார்.” அப்பா சொன்னது சரி. 50 கிலோவின் 46 சதவீதம் 23 கிலோதான். கிலோவாக வந்த 23ஐயும் சதவீதமாக வந்த 23ஐயும் பிள்ளை ஒன்றாக எண்ணிவிட்டான். அலகை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால் இப்படித்தான் பிழையான விடைக்கும் சாட்சி கிடைத்துவிடும்.

இரண்டாவது, ஒட்சிசன், நைதரசன், ஐதரசன், குளோரீன் ஆகிய வாயுக்களைத் தனி அணுவாக எடுப்பது. ஒட்சிசன் வாயுவின் மூலர்த் திணிவு 32, 16 அன்று. “ஒட்சிசன் வாயு” என்று வினாவில் இருந்தால் மூலக்கூறு. “ஒட்சிசன் அணுக்கள்” என்று இருந்தால் அணு. வினாவின் சொல்லை விரலை வைத்து வாசியுங்கள்.

மூன்றாவதுதான் மிகவும் அதிகம்: சமன்பாட்டின் குணகங்களை, அதாவது சூத்திரங்களுக்கு முன்னால் நிற்கும் எண்களை, எழுதிவிட்டுப் பயன்படுத்தாமல் விடுவது. ஒரு மூல் சல்பூரிக்கமிலம் இரண்டு மூல் சோடியம் ஐதரொட்சைட்டுடன் தாக்கமுறும். லீற்றருக்கு 0.100 மூல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டு 25.00 கன சென்ரிமீற்றரை நடுநிலையாக்க, லீற்றருக்கு 0.0500 மூல் செறிவுள்ள அந்த அமிலம் 25.00 கன சென்ரிமீற்றர் போதும். ஒன்றுக்கு ஒன்று என்று நினைத்தவருக்கு 50.00 வரும். ஆய்வுகூடத்தில் நீங்கள் கையாளும் அளவியின் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் நீண்ட அளவுக் குழாயின்) முழுக் கொள்ளளவே அதுதான். அளவி காலியாகும்வரை போகிற விடை வந்தால் குணகத்தைத் திரும்பிப் பாருங்கள்.

இனி, விடை நான்கு மடங்கு வருகிறது என்றால்? குணகத்தை மறக்கவில்லை, தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள். இரண்டால் வகுக்க வேண்டிய இடத்தில் இரண்டால் பெருக்கினால் பிழை நான்கு மடங்காகும். இந்த நுட்பத்தை எல்லாத் தாக்கங்களுக்கும் நீட்டலாம். அலுமினியமும் ஐதரோகுளோரிக்கமிலமும் தாக்கமுறும்போது இரண்டு மூல் அலுமினியத்துக்கு மூன்று மூல் ஐதரசன் கிடைக்கும். 5.4 கிராம் அலுமினியம் 0.2 மூல்; ஐதரசன் 0.3 மூல் வர வேண்டும். 0.2 வந்திருந்தால், அதாவது சரியான விடையின் 0.67 பங்கு வந்திருந்தால், விகிதத்தை மறந்தீர்கள். 0.133 வந்திருந்தால், அதாவது 0.44 பங்கு வந்திருந்தால், விகிதத்தைக் கவிழ்த்தீர்கள். மறந்தால் விகிதம் தானே தெரியும். கவிழ்த்தால் விகிதத்தின் வர்க்கம் தெரியும். இதை முதன்முதலில் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாளில் வகுப்பு முழுவதும் பழைய கொப்பிகளைப் புரட்டித் தங்கள் பிழைகளைத் தாங்களே பெயர் சொல்லி அடையாளம் கண்டது. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

மடங்கு விசித்திரமான எண்ணாக இருக்கிறது: 1.56, 2.70, 0.77

மூலர்த் திணிவு பிழைத்திருக்கிறது. பளிங்கு நீர், அடைப்புக்குறி என்ற இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

நீலநிறச் செப்புச் சல்பேற்றுப் பளிங்கில் ஒவ்வோர் அலகுக்கும் ஐந்து நீர் மூலக்கூறுகள் உண்டு. அவற்றைச் சேர்த்தால் மூலர்த் திணிவு 249.5, விட்டுவிட்டால் 159.5. ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.56. லீற்றருக்கு 0.100 மூல் செறிவில் 250 கன சென்ரிமீற்றர் கரைசல் தயாரிக்க 6.24 கிராம் பளிங்கு வேண்டும். 3.99 கிராம் நிறுத்தவருடைய கரைசல் ஐதாகவே இருக்கும். வினாவில் “நீலப் பளிங்கு” என்று கண்டாலே நீரை நினைக்க வேண்டும். அந்த நிறமே நீரோடு சேர்ந்ததுதான், சூடாக்கி நீரைப் போக்கினால் தூள் வெள்ளையாகிவிடும். சலவைச் சோடாப் பளிங்கில் நீர் பத்து மூலக்கூறு: 286, நீரற்றது 106. அங்கே மடங்கு 2.70.

0.77 என்பது கல்சியம் ஐதரொட்சைட்டு. அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 2, உள்ளே இருக்கும் ஒட்சிசன், ஐதரசன் இரண்டையும் பெருக்கும். 40 உடன் 17 இருமுறை, ஆக 74. ஒருமுறை மட்டும் கூட்டினால் 57.

சமன்பாட்டில் நீருக்கு முன்னால் 2 இருப்பதைக் கண்டு நீரின் மூலர்த் திணிவை 36 என்று எழுதுவோரும் உண்டு. முன்னால் நிற்கும் எண் எத்தனை மூல் என்பதைச் சொல்கிறது. ஒரு மூலின் திணிவை அது தொடாது.

விளைவின் திணிவு, போட்ட பொருட்களின் திணிவைவிட அதிகம்

இந்த அறிகுறியை நான் மிகவும் விரும்புவேன், ஏனென்றால் விடைத்தாள் இல்லாமலே பிழையைக் கண்டுகொள்ளலாம். 4.8 கிராம் மகனீசியத்தை 2.4 கிராம் ஒட்சிசனில் எரிக்கிறோம். மகனீசியம் 0.2 மூல், எனவே மகனீசியம் ஒட்சைட்டு 0.2 மூல், 40ஆல் பெருக்க 8.0 கிராம் என்று ஒரு பிள்ளை எழுதுகிறாள். வழி நேர்த்தி, எழுத்தும் நேர்த்தி. ஆனால் பாத்திரத்துக்குள் போனது மொத்தம் 7.2 கிராம். மிச்ச 0.8 கிராம் எங்கிருந்து வந்தது? இலவோசியே 18ஆம் நூற்றாண்டில் தராசை வைத்துக்கொண்டு காட்டிய திணிவுக் காப்பு விதி இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடுகிறது.

இங்கே எல்லைப்படுத்தும் தாக்கி எது, அதாவது முதலில் தீர்ந்து தாக்கத்தை நிறுத்தும் பொருள் எது, என்று பார்க்காததுதான் பிழை. ஒட்சிசன் 2.4 கிராம், 32ஆல் வகுக்க 0.075 மூல். ஒரு மூல் ஒட்சிசனுக்கு இரண்டு மூல் மகனீசியம், ஆகவே 0.15 மூல் மகனீசியம்தான் எரிய முடியும். ஒட்சைட்டு 0.15 மூல், 6.0 கிராம். எரியாமல் மிஞ்சுவது 0.05 மூல் மகனீசியம், 1.2 கிராம். கூட்டிப் பாருங்கள்: 7.2. கணக்கு மூடிவிட்டது.

“எது குறைவோ அதுதானே எல்லைப்படுத்தும்?” என்று கேட்பார்கள். கிராமில் குறைவா, மூலில் குறைவா என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் சுதாரித்துக்கொள்வார்கள். ஆனால் மூலில் குறைவாக இருப்பதுவும் போதாது. வெற்றிலைக் கூறு விற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூறுக்கு நான்கு வெற்றிலை, ஒரு பாக்கு. கூடையில் 40 வெற்றிலையும் 12 பாக்கும் இருக்கின்றன. பாக்குத்தான் குறைவு, ஆனால் பத்துக் கூறு கட்டியதும் தீர்ந்துபோவது வெற்றிலை. இரண்டு பாக்கு கூடையிலேயே கிடக்கும். ஆகவே ஒவ்வொரு தாக்கியின் மூல் எண்ணிக்கையையும் அதனதன் குணகத்தால் வகுத்துவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள். வகுத்து வந்ததில் எது சிறியதோ அதுவே எல்லைப்படுத்தும்.

வாயுவின் கனவளவு பத்துப் பதினைந்து சதவீதம் கூடிவிடுகிறது

கணக்கில் வந்தாலும் செய்முறையில் வந்தாலும் குற்றவாளி 22.4தான். ஒரு மூல் வாயு 22.4 லீற்றர் என்பது 0 பாகை செல்சியசிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும் மட்டுமே உண்மை. கல்லடியிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ எந்த ஆய்வுகூடமும் 0 பாகையில் இல்லை. 30 பாகையில், அதாவது 303 கெல்வினில், ஒரு மூல் 24.9 லீற்றர்.

0.024 கிராம் மகனீசியத்தை அமிலத்தில் கரைத்து ஐதரசனை நீரின் மேல் சேகரியுங்கள். (இவ்வளவு சிறிய திணிவைப் பாடசாலைத் தராசு நம்பகமாகக் காட்டாது. ஒரு மீற்றர் நாடாவை நிறுத்து, அதிலிருந்து வேண்டிய நீளத்தை அளந்து வெட்டுங்கள்.) 0.001 மூல் ஐதரசன், 22.4 கன சென்ரிமீற்றர் வரும் என்று காத்திருப்பீர்கள். குழாயில் 26க்கு அண்மையாக நிற்கும். வெப்பநிலை அதை 24.9 ஆக்கியது. மிச்சத்தை ஆக்கியது நீராவி: 30 பாகையில் நீரின் நிரம்பல் ஆவியமுக்கம் 4.2 கிலோபஸ்கால். குழாய்க்குள் இருப்பது ஐதரசன் மட்டுமல்ல. மொத்த அமுக்கத்திலிருந்து அந்த 4.2ஐக் கழித்துவிட்டு வாயுச் சமன்பாட்டில் போடுங்கள்; மூல் சரியாக 0.001க்குத் திரும்பி வரும்.

கணக்கு சரி, செய்முறையில் மகனீசியம் ஒட்சைட்டு குறைகிறது

0.24 கிராம் மகனீசிய நாடாவுக்கு 0.40 கிராம் ஒட்சைட்டு வர வேண்டும். 0.36 வருகிறது. முதலில், வெள்ளைப் புகை எழுந்ததா என்று நினைவுபடுத்துங்கள். அந்தப் புகையே உங்கள் ஒட்சைட்டு. புடக்குகையின் (நாடாவைச் சூடாக்கும் சிறு கிண்ணத்தின்) மூடியை அகலத் திறந்ததால் பறந்துவிட்டது. மூடியைத் திறக்கவே இல்லை என்றால் உள்ளே கறுத்த நாடாத் துண்டு எரியாமல் கிடக்கும். இடையிடையே மயிரிழை அளவு தூக்கி, உடனே மூட வேண்டும்.

நாடா பழசா என்றும் பாருங்கள். கடலும் வாவியும் இரு பக்கமும் இருக்கும் ஊரில், மாரி காலத்தில், திறந்து வைத்த நாடா மங்கிவிடும். மங்கிய பகுதி முன்னரே ஒட்சியேற்றப்பட்டது; அதையும் மகனீசியம் என்று நிறுத்திருக்கிறீர்கள். அரத்தாளால் தேய்த்து, வெள்ளிபோலப் பளிச்சிட்ட பின்பே நிறுங்கள்.

இவை எதுவும் இல்லாமலும் குறைகிறது என்றால் காரணம் நைதரசன். சூடான மகனீசியம் வளியிலுள்ள நைதரசனுடனும் சேர்ந்து மகனீசியம் நைத்திரைட்டு ஆகும். 0.24 கிராம் முழுவதும் நைத்திரைட்டானால் 0.33 கிராம்தான் வரும். புடக்குகை ஆறியதும் சில துளி நீர் விடுங்கள். அமோனியா மணம் வந்தால் சந்தேகம் தீர்ந்தது. மறுபடி மெதுவாக, பிறகு பலமாகச் சூடாக்கினால் எல்லாம் ஒட்சைட்டாகிவிடும்.

நியமிப்பில் வாசிப்பு ஒத்துவரவில்லை

நியமிப்பு என்பது அளவியிலிருந்து ஒரு கரைசலைச் சிறிது சிறிதாக விட்டு மற்றதன் செறிவைக் காண்பது. அளவியில் சோடியம் ஐதரொட்சைட்டு இருக்க, மூன்று வாசிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவந்து, எல்லாமே எதிர்பார்த்ததைவிடக் கூட இருந்தால் கையில் பிழையில்லை, கரைசலில் பிழை. சோடியம் ஐதரொட்சைட்டை நேரே நிறுத்துக் கரைத்தீர்களா? அந்த வெள்ளை மணிகளை இலத்திரனியல் தராசில் வைத்துவிட்டுக் கண்ணெடுக்காமல் பாருங்கள். 4.00 என்று நின்ற எண் 4.01 ஆகும், 4.02 ஆகும். மணியின் மேல் ஈரப் பளபளப்பு ஏறும். எங்கள் ஊர்க் காற்றின் நீரை அது குடிக்கிறது; கூடவே காபனீரொட்சைட்டையும் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் நிறுத்த 4.00 கிராமில் ஒரு பங்கு தண்ணீர். ஆகவே செறிவைப் போத்தலின் சீட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஒட்சாலிக்கமிலப் பளிங்கைச் சரியாக நிறுத்துத் தயாரித்த கரைசலால் நியமித்து அறிந்துகொள்ளுங்கள். அந்த அமிலப் பளிங்கிலும் இரண்டு நீர் மூலக்கூறு உண்டு. மூலர்த் திணிவு 126.

வாசிப்புகள் ஒன்றுக்கொன்றே ஒத்துவராவிட்டால் அளவியின் நுனியில் வளிக்குமிழி இருந்திருக்கும், அல்லது முடிவுப் புள்ளியை (நிறம் மாறும் கணத்தை) ஒருமுறை தாண்டியிருப்பீர்கள். கழுவும் முறையையும் கவனியுங்கள்: அளவியையும் குழாயியையும் (கரைசலை உறிஞ்சி அளந்தெடுக்கும் குழாயையும்) கடைசியில் அவற்றில் இடப்போகும் கரைசலால் கழுவ வேண்டும், கூம்புக்குடுவையை நீரால் மட்டும். குடுவைக்குள் நீர் நின்றால் மூல் மாறாது. கரைசல் நின்றால் மாறிவிடும்.

விளைச்சல் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது

உலரவில்லை. மறுபடி உலர்த்தி, அடுத்தடுத்த இரண்டு நிறுவைகள் ஒன்றாக வரும்வரை நிறுங்கள். சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்து பார்ப்பவர்களுக்கு இது கட்டாயம் நேரும்: 100 கிராம் கல்சியம் காபனேற்றிலிருந்து 56 கிராம் நீறாத சுண்ணாம்பு வர வேண்டும், திறந்து வைத்தால் ஈரத்தைக் குடித்து 74ஐ நோக்கி ஏறும்.

எந்த மடங்கிலும் அடங்கவில்லை

மேலே சொன்ன எதுவும் பொருந்தாவிட்டால், உங்கள் மடங்கு இரண்டு மூலர்த் திணிவுகளின் விகிதமா என்று பாருங்கள். 2.4 கிராம் மகனீசியம் எரிந்தால் ஒட்சைட்டு எவ்வளவு என்ற கேள்விக்கு 2.4 கிராம் என்று எழுதியிருப்பீர்கள். சரியான விடை 4.0. வகுத்தால் 0.6, அது 24க்கும் 40க்கும் உள்ள விகிதம். மூலுக்குப் போகாமலே கிராமில் இருந்து கிராமுக்குத் தாவியிருக்கிறீர்கள். இது கவனக் குறைவால் வருவதன்று. மூல் ஏன் வேண்டும் என்பது இன்னும் மனத்தில் படியவில்லை. இந்தப் பிள்ளைகளை அவசரப்படுத்தாமல், நெல்லில் இருந்து தொடங்குவேன்.

ஆயிரம் நெல்மணிகளை எண்ணி நிறுக்கிறோம். 25 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இனி யாரும் மணிகளை எண்ண வேண்டியதில்லை. 25 கிலோ நெல் என்றால் பத்து இலட்சம் மணி என்று தராசே சொல்லிவிடும். சின்ன மணிச் சம்பாவுக்கு அதே ஆயிரம் மணி நிறையில் குறையும். எண்ணிக்கை ஒன்று, நிறை வேறு. அணுக்களும் அப்படித்தான். அவை எண்ணிக்கையால் சேருகின்றன, நிறையால் அல்ல. எங்களிடம் இருப்பதோ தராசு மட்டும். அதற்காக ஆயிரத்துக்குப் பதிலாக மிகப் பெரிய ஓர் எண்ணை வைத்துக்கொண்டோம். 2019 மே 20 முதல் அது 6.02214076 × 10²³ என்று துல்லியமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. அத்தனை மகனீசிய அணுக்கள் 24 கிராம். அத்தனை அலகு மகனீசியம் ஒட்சைட்டு 40 கிராம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி கொப்பியை வெட்டாமல், 2.4ஐ 24ஆல் வகுத்து ஓரத்தில் 0.1 என்று எழுதினாள். அதன் அருகே சின்னதாக “ஆயிரம் மணி” என்றும் எழுதிவிட்டு, 40ஆல் பெருக்கினாள்.